எங்கள் தொட்டிக் கெளுத்தி

கெளுத்தி மீன் கத்தும் என்று சொன்னால், வாரம் மூன்று நாள் மீன் குழம்பு வைக்கிறவர்கள்கூட என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் விரல் நீளமே உள்ள அந்தச் சின்ன மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தினால், செவுளுக்குப் பின்னால் இருக்கும் முள்ளை விறைத்துக்கொண்டு, "கிர்க்... கிர்க்..." என்று ஒரு சத்தம் போடும், பண்டிகைக்கு வாங்கின புதுச் செருப்பு முதல் நாள் நடக்கும்போது போடுகிற அதே சத்தம். தோல் பதனிடும் ஊரில் வளர்ந்தவளுக்கு ஒப்பிடச் செருப்பைத் தவிர வேறு எது கிடைக்கும்? அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். வழவழவென்று பிடி நழுவும் அந்த உடம்பு முழுவதும் அதிர்வதை இந்த வயதிலும் என் வலது உள்ளங்கை மறக்கவில்லை.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையை ஒட்டி, தொண்ணூறுகளின் நடுவில், அப்பா ஒரு வீடு கட்டினார். அப்பாவுக்கு "தோல் ஷாப்பில்" வேலை. டேனரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வீடு இரண்டே அறைதான், ஆனால் அதன் ஒவ்வொரு செங்கல்லையும் தெரிந்தவர்போல் அவர் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். பின்பக்கம் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டியைக் கொத்தனாரிடம் விடாமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அப்பாவே கட்டினார். பூச்சு ஈரமாக இருந்தபோது என் கையைப் பிடித்து அதன் விளிம்பில் அழுத்தி, "இது நம்ம பத்திரம்" என்றார். என் ஐந்து விரல்களும் அங்கே பதிந்தன. பத்திரம் என்றால் என்ன என்று தெரியாவிட்டாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் தெருவில் தொட்டி இருந்த வீடுகளில் எல்லாம் ஒரு மீனும் இருந்தது. கொசுப்புழுவைத் தின்னும் என்பது எல்லாரும் வெளியே சொல்லும் காரணம். இன்னொரு காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. சுற்றிலும் தோல் ஷாப்புகள். எந்தக் கிணற்றில் எப்போது என்ன ஊறி வரும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் கெட்டால் முதலில் மீனுக்குத் தெரியும். அப்பா ஏரியிலிருந்து ஒரு கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டார். பக்கவாட்டில் கோடு கோடாக இருக்கும், வாயைச் சுற்றி எட்டு மீசை. என் தம்பி டேனிக்கு அப்போது மூன்று வயது. அவன்தான் அதற்கு "மீசை" என்று பெயர் வைத்தான். கைப்பிடிச் சோற்றைத் தொட்டியில் போட்டுவிட்டு, "மீசை, வா, மீசை, வா" என்று தொட்டிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பான். அது பகலெல்லாம் அடியில் ஒரு கல்லுக்குப் பின்னால் பெரிய மனுஷன் மாதிரி படுத்திருந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மீசையால் தரையைத் துழாவிக்கொண்டு வரும்.

அம்மா நர்ஸ். தினமும் பஸ் பிடித்து வேலூருக்குப் போய், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, மறுபடி பஸ் பிடித்து வருவாள். வேலூரிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்த ஆசை பஸ் அலுப்பினால் மட்டும் வந்ததில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீடு கட்டின இரண்டாம் வருஷம் கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்கியது. பருப்பு வேக மறுத்தது. வெள்ளைத் துணி துவைக்கத் துவைக்கப் பழுப்பானது. குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர்தான், ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான். ஒருநாள் அம்மா துணி அலசின கையோடு அப்பாவைக் கேட்டாள்.

"என்னங்க, இந்தத் தண்ணி சரியில்ல. நாம கிளம்பிடலாம்."

"மேரி, தொட்டியில மீனு நல்லாத்தான கீது. அது செத்தா சொல்லு, அன்னிக்கே மூட்டை கட்டறேன்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன்."

இதைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் பக்கத்து வீட்டு பர்வீனோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். பர்வீனும் நானும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் வீட்டு பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முறுக்கு அவள் வீட்டுக்குப் போகும். வேலூரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கல்லை மேலே போட்டவள் பிடிக்க மறந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்னால் நான் ஓடிப் பார்ப்பது தொட்டியைத்தான்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில் மீசை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அம்மா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வருவதற்கு முன் பயம் வந்தது. மீனை எடுத்துக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு, "மீசை கல்லுக்குப் பின்னாடி தூங்குது, தொந்தரவு பண்ணாதே" என்று டேனியிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டதும் பர்வீனை இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். ஏரி வற்றி அங்கங்கே குட்டையாக நின்ற காலம் அது. பர்வீனின் துப்பட்டாவை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அலசினோம்.

"இன்னாடி இது, ஒரு மீனுக்கு இவ்ளோ பேஜார் பண்றே?" என்றாள் அவள்.

"மீனு இல்லேன்னா நான் வேலூருக்குப் போயிடுவேன்."

அவள் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டாள். துப்பட்டாவில் சிக்கின கெளுத்தியை அவசரத்தில் நான் வெறுங்கையால் பிடித்தேன். அது கத்தியதும் முள்ளால் குத்தியதும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆள்காட்டி விரல் கடுகடுவென்று கடுத்து, வீடு வந்து சேர்வதற்குள் வீங்கிவிட்டது. புதுமீனை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து தொட்டியில் விட்டபோது யாரும் பார்க்கவில்லை. விரலை மட்டும் அம்மா பார்த்துவிட்டாள்.

"கதவுல நசுக்கிட்டேம்மா."

அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, அரைமணி நேரம் அதில் என் கையை முக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவில் நசுங்கின விரலுக்கு எந்த நர்ஸும் வெந்நீர் வைக்க மாட்டாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இப்படி மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு மீனும் ஒரு வாரம், பத்து நாள். டேனிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எட்டு மீசை இருந்தால் அவனுக்கு அது மீசைதான். எனக்கே ஒரு விஷயம் விளங்காமல் இருந்தது. ஒருநாள் காலையில் வால் கொஞ்சம் கிழிந்திருந்த மீனின் வால், மறுநாள் காலையில் முழுசாக இருந்தது. கெளுத்திக்கு வால் வளருமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதே நாட்களில் அப்பாவின் கட்டைவிரலும் ஒருமுறை வீங்கியது. "டிரம்மு மூடி பட்டுடுச்சு" என்றார். அம்மா அவருக்கும் வெந்நீர் வைத்தாள்.

எல்லாம் இப்படியே போயிருக்கும், டேனியின் முதுகில் சொறி வராமல் இருந்திருந்தால். முதலில் தோள்பட்டையில் நாலைந்து கொப்புளம், பிறகு முதுகெல்லாம். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அம்மாவுக்கு நைட் ஷிப்டு. காலையில் அவள் வருவதற்குள் குளிப்பாட்டிவிடலாம் என்று அப்பா அவனைத் தொட்டியருகே நிறுத்தி இரண்டு சொம்பு ஊற்றினார். எரிகிறது என்று அவன் போட்ட கூச்சலில் பர்வீன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா மூன்றாவது சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். தொட்டிக்குள் என் மீன் மீசையை ஆட்டிக்கொண்டு, தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யை அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

சனிக்கிழமை காலை அந்த மீனும் செத்து மிதந்தது. இந்த முறை நான் அதைத் தொடவில்லை. அம்மா நைட் ஷிப்டு முடிந்து ஒன்பது மணிக்கு வருவாள், வந்ததும் கை கால் கழுவத் தொட்டிக்குத்தான் போவாள், தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வாயால் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. ஈஸ்டருக்காகக் கோவிலைக் கழுவி அலங்கரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார்கள், நானும் போய்விட்டேன். காகிதப் பூவை ஒட்டிக்கொண்டே, பர்வீனிடம் எப்படிச் சொல்வது, அவளுக்கு எதை ஞாபகமாகக் கொடுப்பது என்று யோசித்துக் கொஞ்சம் அழுதேன். பசை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று டீச்சர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

மத்தியானம் வீடு திரும்பினால், அம்மா களைத்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு கலவரமும் இல்லை. தொட்டியில் எட்டிப் பார்த்தேன். கெளுத்தி உயிரோடு இருந்தது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில், கோடு கோடாக, எட்டு மீசையோடு, அதே மீன். மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, மீனு...?"

"மீனுக்கு இன்னா? நல்லாத்தான கீது" என்று என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

காலையில் செத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். மத்தியானம் அது உயிரோடு இருக்கிறது. அதுவும் ஈஸ்டருக்கு முந்தின நாள். பதினொரு வயதில், வாரம் தவறாமல் ஞாயிறு பள்ளிக்குப் போகிற ஒருத்தி இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவாள்? டேனியைக் கட்டிக்கொண்டேன். தண்ணீரும் சேர்ந்து நல்லதாகியிருக்கும் என்று நம்பினேன். நாங்கள் வேலூருக்குப் போக வேண்டாம், டேனிக்கும் சரியாகிவிடும். கடவுள் இரண்டையும் ஒரே மீனில் முடித்துவிட்டார்.

எங்கள் சபையில் ஆராதனை முடிகிற நேரத்தில் "சாட்சி" சொல்கிற வழக்கம் உண்டு. காய்ச்சல் குணமானது, பரீட்சையில் தேறியது, தொலைந்த கம்மல் கிடைத்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஈஸ்டர் அன்று போதகர், "பிள்ளைங்க யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதுவரை கோவிலில் என் வாயிலிருந்து பாட்டைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க தொட்டியில ஒரு கெளுத்தி மீனு. நேத்து காலைல செத்துப்போச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். மத்தியானம் வந்து பார்த்தா உசுரோட இருந்துச்சு. இதுக்கு முன்னாடி மூணு வாட்டி செத்தப்ப, எங்கம்மாவுக்குத் தெரியாம நான்தான் வேற மீனு புடிச்சுப் போட்டேன். இந்த வாட்டி நான் போடல. ஆண்டவர் போட்டாரு. ஆமென்."

யாரோ இரண்டு பேர் பழக்கத்தில் "ஆமென்" என்றார்கள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது. அப்போது ஆண்கள் பக்கத்தில், சபைக் கூட்டத்தில்கூட வாய் திறக்காத என் அப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, மன்னிக்கணும். ஆண்டவர் போடல. நான்தான் போட்டேன்."

போதகர் நல்ல மனுஷர். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாமுவேல், ஆண்டவர் உங்க கையால போட்டாருன்னு வெச்சுக்கலாமே" என்றார்.

"இல்லீங்க ஐயா" என்றார் அப்பா. "பொய்யாப் போட்டேன்."

அவர் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அற்புதம் போய்விட்ட துக்கம் ஒரு பக்கம். அத்தனை பேருக்கு நடுவில் அப்பாவை நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே என்கிற வெட்கம் ஒரு பக்கம். பக்கத்தில் இருந்த டீச்சர் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வீடு வரைக்கும் டேனி அவித்த முட்டை கேட்டுக்கொண்டே வந்தான். உள்ளே நுழைந்ததும் அம்மா, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அதை ஒரு பேசினில் ஊற்றி எங்கள் இருவர் முன்னால் வைத்து, "கையைக் காட்டுங்க" என்றாள். அப்பாவின் நடுவிரல் புதிதாக வீங்கியிருந்தது. சனிக்கிழமைக் குத்து.

"ஒருத்தருக்குக் கதவு, ஒருத்தருக்கு டிரம்மு. ரெண்டு காயத்துலயும் ஒரே மாதிரி ஒரு பொட்டு. கெளுத்தி முள்ளு தெரியாத நர்ஸா நான்?"

"தெரியுமா உனக்கு?" என்றார் அப்பா.

"உங்க கட்டைவிரல் வீங்கின அன்னிக்கே தெரியும். டேனிய நான் குளிப்பாட்டினா குழாய்த் தண்ணிதான். உங்களுக்கும் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு." அவள் தண்ணீரின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நான் சொன்னா, வேலூருக்குப் போறதுக்குச் சாக்கு தேடறேன்னு ஆயிடும். நீங்க கட்டின வீடு. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்."

மீன் எத்தனை என்று அம்மா கேட்டதற்கு, தான் போட்டது நாலு என்றார் அப்பா. நான் மூணு என்றேன். ராத்திரியில் செத்ததை நான் காலையில் பார்த்து மாற்றியிருக்கிறேன். பகலில் செத்ததை அவர் ஷிப்டு முடிந்து வந்து மாற்றியிருக்கிறார். சைக்கிள் கொட்டகையில் கோணியைப் போட்டு மூடின பெயிண்ட் பக்கெட்டில், ஏரித் தண்ணீரில், இன்னும் இரண்டு கெளுத்தி கையிருப்பு வைத்திருந்தார். அதைக் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பண்டிகை முடிஞ்சதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன் மேரி" என்றார் அப்பா. "எங்க ஷாப்பு தண்ணிதான் அது. ஷாப்புல நான் தொறந்து விடற கழிவுத் தண்ணி என் தொட்டிக்கே வந்துடுச்சுன்னு எப்படி வாயெடுத்துச் சொல்லுவேன்?" பிறகு, "கிளம்பலாம்" என்றார்.

"மீசையும் வருமா?" என்று கேட்டான் டேனி.

அன்று சாயங்காலம் அப்பாவும் நானும் டேனியும் தொட்டி மீனையும் பக்கெட்டு மீன்களையும் ஏரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். பர்வீனும் கூட வந்தாள். வீங்கின விரலைப் பற்றிக் கவலைப்படாமல் அப்பா ஒவ்வொன்றையும் கையால் எடுத்து விட்டார். கடைசி மீனைக் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அது "கிர்க்... கிர்க்..." என்று கத்தியது. "திட்டுது பாரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் கையைத் திறந்தார்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் வேலூரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். டேனியின் முதுகு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அப்பா இன்னும் பல வருஷம் பஸ்ஸில் அதே ஷாப்புக்குப் போய்வந்தார். அம்மா பட்ட பஸ் அலுப்பு இப்போது அவருக்கு. அந்த வீட்டை ஒருவருக்கு விற்றோம், அவர் இன்னொருவருக்கு விற்றார். பர்வீன் இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறாள். ஏரியின் பாதி மனைகளாகிவிட்டதாம். தெருவில் யார் வீட்டிலும் தொட்டி இல்லை, எல்லாரும் கேன் தண்ணீர்தான். போன வருஷம் போனபோது, எங்கள் பழைய தொட்டியை உடைத்த சில்லுகள் மதில் ஓரம் கிடந்தன. ஐந்து விரல் பதிந்த துண்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. வேலூர் மார்க்கெட்டில் கெளுத்தி என்று விற்பது கை நீளத்துக்கு வளர்ந்த பண்ணை மீன். கோடு போட்ட அந்தச் சின்னக் கெளுத்தியைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டேனி அவருக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தான். அதில் கட்டைவிரல் அளவுக்கு இரண்டு மீன். எங்கோ தென் அமெரிக்க ஆற்றில் பிறந்த கெளுத்தி ஜாதியாம்; கடைக்காரர் "கோரி" என்றார். மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே இருக்கும். என் மகள் ரேச்சலுக்கு ஒன்பது வயது. லீவில் தாத்தா வீட்டுக்குப் போனால் தொட்டியை விட்டு நகர மாட்டாள். அதில் ஒன்றுக்கு அவள் வைத்திருக்கும் பெயரும் "மீசை"தான். அவளுடைய மாமா சொல்லிக்கொடுத்தது.

போன மாதம் அம்மா எனக்கு போன் செய்தாள். "உங்கப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். காலையில் மீசை செத்துக் கிடந்ததாம். பேத்தி எழுவதற்குள், எழுபது வயதை நெருங்கும் மனுஷர், ஆட்டோ பிடித்துப் போய், மீன் கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கடையைத் திறக்க வைத்து, அதேபோல் ஒன்றை வாங்கிவந்து விட்டிருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் ரேச்சலை அழைத்துவரப் போனேன். அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "மீசை இன்னிக்கு ஜோரா இருக்குது பாரு" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் "ஆமா தாத்தா" என்று தலையை ஆட்டினாள். அவர் காபி குடிக்க எழுந்து போனதும், என் காதருகே வந்து சொன்னாள்.

"அம்மா, இது வேற மீனு. பழசுக்கு வால்ல ஒரு பொட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும்னு தாத்தாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ரொம்ப சந்தோஷமா இருக்காரு."

அப்பா காபி தம்ளரோடு திரும்பி வந்து, நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் எழுந்து நின்று சாட்சி சொல்லவில்லை.